ஈ காட்டினால் ஒரு ஸ்டார்

எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘பளபள டீச்சர்’. உடுத்துகிற துணிக்காக இல்லை, பல்லுக்காக. காலை மணி அடித்ததும் வகுப்பு வாசலில் வந்து நின்றுகொள்வாள். உள்ளே போகிற ஒவ்வொன்றும் “ஈ” என்று பல்லைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். வெள்ளையாக இருந்தால் புறங்கையில் ஒரு ஸ்டார் ஸ்டிக்கர். மஞ்சளாக இருந்தால் குழாயடிக்குப் போய்த் தேய்த்துவிட்டு வர வேண்டும்.

பக்கத்து அறை என்னுடைய நான்காம் வகுப்பு. நடுவில் வெறும் பலகைத் தடுப்பு. அத்தனை “ஈ”யையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் நான் கணக்கையே தொடங்க முடியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“இது வகுப்பா, பற்பசை விளம்பரமா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“உங்க வயித்தெரிச்சலுக்கு என்கிட்ட மருந்து இல்லக்கா” என்று சிரித்தாள்.

சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயதில் அவளுக்கு முன்பல் எல்லாம் கறையாம். கூடப் படித்ததுகள் கேலி செய்தே அவளை வாயைப் பொத்திக்கொண்டு பேசப் பழக்கிவிட்டன. வேலைக்கு வந்த பிறகுதான் அதைச் சரிசெய்துகொண்டாள். “என் பிள்ளைங்க ஒண்ணுகூட வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கக் கூடாதுக்கா” என்பாள். அப்படிச் சொல்கிறவளிடம் எப்படிக் கோபப்படுவது?

அவளுடைய ஒரே மகளும் அதே வகுப்புதான். டீச்சர் பொண்ணு என்று யாரும் பேசிவிடக் கூடாதே என்று ஒரு சட்டம் போட்டிருந்தாள். பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியேதான் அம்மா, உள்ளே வந்துவிட்டால் டீச்சர். அந்தக் குட்டியும் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாலும் “டீச்சர்” என்றுதான் அழும். ஒருநாள்கூட ஸ்டார் வாங்காமல் இருந்ததில்லை.

ஒரு மத்தியானம் அந்தக் குட்டி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, சோற்றை மெல்லாமல் தண்ணீர் விட்டு விழுங்குவதைப் பார்த்தேன்.

“என்னடி, கழுத்துல சுளுக்கா?”

தலையை மட்டும் ஆட்டினாள். கன்னத்தில் கை வைத்தேன். வீங்கிக் கொதித்தது. ஐயோ, இத்தனை வீக்கத்தை இந்தப் பிள்ளை காலையிலிருந்து தலைமுடியை இழுத்து விட்டு மறைத்துக்கொண்டா இருந்திருக்கிறது! தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, தாயையும் மகளையும் நானே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

“பால் பல்லுதானே டாக்டர்? விழுந்து முளைச்சிடும்ல?” பளபள டீச்சர் முந்திக்கொண்டு கேட்டாள்.

“இல்லம்மா. இது ஆறு வயசுல, பல்வரிசைக்குக் கடைசியில புதுசா வர்ற பல்லு. எந்தப் பல்லும் விழாமலே வர்றதால, எல்லாரும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுடறாங்க. இது ஒரு தடவைதான் முளைக்கும்.”

“எப்படியாவது காப்பாத்துங்க டாக்டர்.”

எக்ஸ்ரேயைக் காட்டி டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். “வேர் வரைக்கும் போயிடுச்சு. எடுத்துத்தான் ஆகணும். முன்பல்லை எவ்வளவு அழகா தேய்ச்சிருக்கா பாருங்க! பின்னாடி பிரஷ் போனதே இல்லை.”

பளபள டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள். தினமும் அந்த வாயைப் பார்த்தவள் அவள்தான். “ஈ” என்று காட்டினால் கடைவாய் எங்கே தெரியும்?

“ஏன்டி சொல்லல?” என்று மகளைக் கேட்டாள்.

“டீச்சர்கிட்ட சொன்னா ஸ்டார் போயிடும்.”

“வீட்டுல சொல்லியிருக்கலாம்ல? அங்க நான் அம்மாதானே?”

“அம்மாகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா அம்மா டீச்சர்கிட்ட சொல்லிடுவாங்களே.”

வேறு நேரமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அந்தக் குட்டியின் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஊசி போட்டுப் பல்லை எடுத்தார்கள். எடுத்து முடிக்கிற வரைக்கும் பளபள டீச்சர் மகளின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை “ஈ” சத்தமே இல்லை. என்னடா இது என்று தடுப்பைச் சுற்றிப் போய் எட்டிப் பார்த்தேன். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் மகளும் வந்திருந்தாள்.

“யாருக்காவது பல்லு வலிக்குதா? சொல்லுங்கடா, டீச்சர் திட்ட மாட்டேன்” என்று பளபள டீச்சர் பிள்ளைகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

சிலதுகள் பழக்கதோஷத்தில் “ஈ” என்று பல்லைக் காட்டின. அப்போது அவள் மகள் எழுந்து நின்றாள்.

“அம்மா, எனக்கு வலிச்சுது.”

வகுப்பில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பளபள டீச்சர் அவளைத் திருத்தவில்லை. “ஆமாடி கண்ணு. அம்மா பார்க்காம விட்டுட்டேன்” என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்தில் இருந்த பையன் மெல்லக் கையைத் தூக்கினான். பின்னால் ஒரு பெண். பிறகு அவளுக்கும் பின்னால் இரண்டு பேர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வகுப்பு கையைத் தூக்கிவிட்டது. அந்தப் புறங்கைகளில் முந்தின நாள் அவள் ஒட்டிய ஸ்டார் இன்னும் உரியாமல் இருந்தது.