பிடாரிக்கு நேர்ந்த கோழிக்குப் போட்ட தையல்

எங்கள் வீட்டுக் கோழி ஒன்றுக்கு என் வீட்டுக்காரர் தையல் போட்டார். சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்களோடு நானும் மல்லுக்கு நிற்பதில்லை. கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். என் வீட்டுக்காரர் இலுப்பூர் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் தையல் மெஷின் போட்டிருந்தார். அந்த மாசியில் அவருக்கு டைபாய்டு கண்டது. பத்தொன்பதாம் நாள் நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்தார். என் மாமியார் எழுந்து போய்க் கோழி அடைக்கும் பஞ்சாரத்துக்குள் கையை விட்டு, கன்னங்கரேலென்று ஒரு குஞ்சை எடுத்து வந்து, மகன் தலையை மூன்று சுற்றுச் சுற்றினார். ஊர் எல்லையில் இருக்கும் பிடாரியம்மனிடம், “எம்புள்ள உசுர விட்டுரு. ஆடியில இந்த உசுர ஒனக்குத் தாரேன்” என்றார். குஞ்சின் காலில் மஞ்சள் துணியைக் கட்டினார். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரையும் உள்ளே போயிருக்கிறதே என்று நான் சொல்லி, அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நேர்ந்துவிட்ட கோழியை எங்கள் பக்கத்தில் யாரும் விரட்டமாட்டார்கள். அது சாமியுடையது. காயப்போட்ட வரகில் ஏறி நின்று தின்றாலும், கடலைக் குவியலைக் கிளறினாலும் “சூ” என்று ஒரு சொல் கிடையாது. “பிடாரி வீட்டுப் புள்ள, தின்னுட்டுப் போகட்டும்” என்று தெருவே அள்ளிப் போட்டது. நானும் சளைத்தவள் இல்லை. என் புருஷன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்ததைப் பார்த்தபின், வீட்டில் யாருக்கும் சோறு போடுமுன் முதல் உருண்டை அதற்குத்தான். அவருக்கு இலுப்பூர் வரை போக இன்னும் தெம்பு வராததால் மெஷினை வண்டியில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்தோம். கோழி மெஷினுக்கு அடியிலேயே படுத்துக்கொண்டு, விழுகிற நூலையெல்லாம் கொத்திக்கொண்டிருக்கும். அவர் பார்த்துச் சிரிப்பார். மற்ற கோழியாக இருந்தால் காலால் தள்ளியிருப்பார்.

ஆனி மாசக் கடைசியில் ஒருநாள் அது இறகை உப்பிக்கொண்டு மூலையில் நின்றது. கோழிக்குக் கழுத்தடியில் ஒரு பை உண்டு, எரப்பை என்போம். தின்றது முதலில் அங்கேதான் சேரும். விடியும்போது எல்லாம் இறங்கி அது வெறும் பையாக இருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தேன். ஒரு கைப்பிடி அளவுக்குக் கட்டியாகக் கிடந்தது. வாயைத் திறந்தால் புளித்த கஞ்சி நாற்றம். விளக்கெண்ணெய் விட்டேன், வெந்நீர் விட்டேன், மடியில் போட்டு மெதுவாகப் பிசைந்துவிட்டேன். மூன்று நாள் இதே வேலை. அது தீனியைத் தேடி வரும், கொத்தும், முழுங்க முடியாமல் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்க்கும். நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் தட்டியது.

ஆடிக்கு முன்னால் அது செத்தால் என்ன அர்த்தம் என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. கொடுப்பதாகச் சொன்ன உயிர் கையில் இல்லையென்றால் பிடாரி எந்த உயிரைக் கேட்பாள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். மாத்திரையைப் பற்றி அவ்வளவு பேசின நான் இதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

என் பிறந்த ஊர்ப் பக்கம் சண்டைச் சேவல் வளர்ப்பவர்கள் எரப்பையைக் கீறி, அடைத்ததை எடுத்துவிட்டுத் தைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அத்தையிடம் சொன்னேன்.

“நேர்ந்த உசுருல பிளேடு படவா? பழுதுபட்ட கோழிய எவ வாங்குவா? பேசாமக் கெட” என்றார்.

கீறாவிட்டால் சாகும், கீறினால் சாமிக்கு ஆகாது. நல்ல வழி காட்டினார் போங்கள்.

சந்தைக்கிழமை அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனார். அவர் தெருவைத் தாண்டியதும் நான் கோழியோடு மெஷின் முன்னால் போய் நின்றேன்.

“ஏங்க, இதத் தைக்க முடியுமா?”

அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் மனுசனுக்குச் சட்டை தைக்கிறவன், புள்ள.”

“தோலுதானங்க. அதுவும் ஒரு துணி மாதிரித்தானே.”

“ஆத்தா வந்தா ரெண்டு பேரையும் உரிச்சுருவாக.”

“உரிக்கட்டும். நீங்க தைச்சுக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. பிறகு எழுந்து, ஊசியையும் பட்டுநூலையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டார். புது பிளேடு ஒன்றைப் பிரித்தார்.

கொல்லை வாசலில் மண்ணில் உட்கார்ந்தேன். கோழியைப் பழைய துண்டில் சுற்றி மடியில் மல்லாத்திப் பிடித்துக்கொண்டேன். கழுத்தடியில் கொஞ்சம் இறகைப் பிடுங்கி, மஞ்சள் தண்ணீரால் துடைத்தோம். அவர் பிளேடை வைத்தார். மேல்தோல் விலகியது. அடியில் இன்னொரு தோல், வெங்காயத்தின் உள்சருகு மாதிரி அவ்வளவு மெல்லிசு, அதில் சிவப்பாக இழை இழையாக நரம்பு ஓடிக்கொண்டிருந்தது. “லைனிங் இருக்கு பாரு” என்றார் குரல் தாழ்த்தி. கோயில் கர்ப்பக்கிரகத்தில் பேசுகிற குரல் அது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தினம் நூறு கோழி கண்ணில் படுகிறது. அதற்குள்ளே இப்படி ஒரு தையல்வேலையை ஒருத்தி செய்துவைத்திருக்கிறாள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

லைனிங்கையும் கீறினார். விரலை விட்டு வெளியே எடுத்தார். வைக்கோல் துண்டும் கடலைத் தோலும் ஊறின வரகும் ஒரே உருண்டையாக வந்தன. அதைச் சுற்றிச் சுற்றி இறுகக் கட்டியிருந்தது சிவப்பும் பச்சையுமாக நூல். அவருடைய மெஷின் நூல். அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நானேதான் கட்டியிருக்கேன்” என்றார்.

கோழி கத்தவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தது. அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் ஓடின ஓட்டம்! நான் அதுவரைக்கும் எந்த உயிரையும் அவ்வளவு கிட்டத்தில் தொட்டதில்லை. இரண்டு சொட்டு, மூன்று சொட்டு ரத்தம் என் விரல் வழியாக மண்ணில் விழுந்தது. அவர் பையைக் கழுவி, உள்தோலைத் தனியாக, மேல்தோலைத் தனியாகத் தைத்தார். மொத்தம் ஒன்பது தையல். கடைசி முடிச்சைப் போட்டு மிச்ச நூலை அறுத்தார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் விடியும்போது தொட்டுப் பார்த்தேன். பை வெறுமையாக இருந்தது. பாலில் ஊறின சோற்றை நாலு பருக்கை கொத்தியது. முழுங்கியது.

இறகு போன இடத்தை அத்தை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டார். திட்டுவார் என்று தயாராக இருந்தேன். என்னிடமும் பதில் இருந்தது. அவர் திட்டவில்லை. மகன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். அன்று முதல் தினம் காலையிலும் சாயங்காலமும் வைத்துப் பார்த்தார். என்னிடம் பேச்சில்லை. ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரருக்கு லேசாக உடம்பு சுட்டபோது அத்தை என்னைப் பார்த்த பார்வைக்கு நூறு திட்டு தேவலை. மழையில் நனைந்ததால் வந்த சூடுதான், மறுநாள் போய்விட்டது. ஆனால் அந்த ஒருநாளில் நான் பிடாரியிடம் என்னென்ன பேரம் பேசினேன் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆடி முதல் செவ்வாய் மூன்று பேரும் கோழியோடு போனோம். காப்பாற்றின கையாலேயே அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அது வேண்டும் எனக்கு, அவரும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பலிக்கு முன்னால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கோழி உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும், துலுக்குவது என்போம். துலுக்கினால் அம்மன் வாங்கிக்கொண்டாள் என்று அர்த்தம். துலுக்காவிட்டால் பலி இல்லை, நேர்த்திக்கடன் தீரவில்லை.

பூசாரி தெளித்தார். கோழி சும்மா நின்றது. இன்னொரு முறை தெளித்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அது நின்றது. நனைந்த கோழி உதறாமல் நிற்குமா? நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மூன்றாம் முறை செம்பையே கவிழ்த்தார். ஒரு இறகு அசையவில்லை. அத்தை சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

பூசாரி குனிந்து இறகை விலக்கிப் பார்த்தார். “என்ன இது தையலு?”

“நான்தான் போட்டேன்” என்றார் என் வீட்டுக்காரர்.

“யாருக்கு நேர்ந்தது?”

“எனக்கு.”

பூசாரி அவரையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தார். “கீறுனப்ப ரத்தம் வந்துச்சா?”

“வந்துச்சு” என்றேன் நான்.

“எங்க விழுந்துச்சு? துணியிலயா, மண்ணுலயா?”

“மண்ணுல.”

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். “அப்ப அன்னிக்கே வாங்கிக்கிட்டா. ஒரு தடவ வாங்குனத மறுபடி கேக்க மாட்டா. தூக்கிட்டுப் போங்க.”

நான் கோழியை வாங்கப் போனேன். பூசாரி கோழியை எங்களிடம் கொடுக்கக் கழுத்தைப் பிடித்துத் தூக்கப் போனார். ஒன்பது நாளாக வாய் திறக்காத என் மாமியார் எனக்கு முன்னால் பாய்ந்து போய் இரண்டு கையையும் நீட்டினார்.

“கழுத்தப் புடிக்காதீங்க பூசாரி. தையலு இருக்கு.”