ஸ்டெல்லா அக்கா மாடியில் ஒரு தூசுப் பெட்டி

காற்றில் இருக்கும் தூசை அளப்பது என் தொழில். ஊரெல்லாம் ஓசியில் இழுக்கிற காற்றை நான் சம்பளத்துக்கு இழுக்கிறேன். நீங்களும் மூச்சு விடுகிறவர்கள்தானே, என் பாடு உங்களுக்குப் புரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதுவாயலில், ஸ்டெல்லா அக்கா வீட்டு மொட்டை மாடியில் எங்கள் பெட்டி நிற்கிறது. மோட்டார் காற்றை உறிஞ்சும், உள்ளே வைத்த வெள்ளைத் தாளில் தூசு படியும். வாரா வாரம் போய்த் தாளை மாற்றுவேன்.

மழையின் புகழ்

ஐப்பசி மழை ஆகாயத்தையே கழுவி விட்டது. தாள் வைத்தபடியே வெள்ளையாக வந்தது. பக்கத்து உருக்காலை மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "பாத்தீங்களா சார், எங்க புது ஃபில்டர் எப்படி வேலை செய்யுது!"

பனியின் பழி

மார்கழியில் புகை மேலே போகாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டது. தாள் தோசைக்கல் நிறம். ஸ்டெல்லா அக்காவுக்கு வருஷா வருஷம் வருகிற மூச்சு இழுப்பு வந்துவிட்டது. ஒரு வாக்கியம் பேச மூன்று இடத்தில் நின்றார். தாளைக் கொண்டுபோய் மேனேஜரிடம் நீட்டினேன். இந்த முறை டீ இல்லை. "இது பனி சார். இயற்கையை நாம என்ன பண்ண முடியும்?"

நம்ம பொகை

போகியன்று விடியற்காலையில் போனால் தெருவில் டயர் எரிகிறது. கையில் கம்போடு நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தவர், ஆலையைத் திட்டுவதில் எப்போதும் முதல் ஆளான கடைசி வீட்டு முனுசாமி அண்ணன். அக்கா இருமுவது கேட்கவில்லையா என்றேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், வருசத்துக்கு ஒரு நாளு, அதுவும் நம்ம பொகை. இத்தப் போயி மெசின்ல ஏத்திக்கினு கீறியே!"

தண்ணி லாரி

மார்கழித் தாளைப் பார்த்த எங்கள் மேலதிகாரிகள் ஆலையை முறைத்தார்கள். மேனேஜர் உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். காலையும் மாலையும் தண்ணி லாரி வந்து, பெட்டி இருக்கும் வீடு வரை தெருவை நனைத்தது. அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. சரக்கு லாரிகளும் வேறு வழியில் போயின. அக்காவின் இழுப்பு அடங்கியது. முனுசாமி அண்ணன் என் வண்டியை மறித்தார். "அடுத்த மாசம் அந்தப் பொட்டிய எங்க ஊட்டு மாடில வெய்யி சார், தெரு கடைசி வரிக்கும் தண்ணி வரும்."

ஓடாத பெட்டி

தை நடுவில் மோட்டார் எரிந்துபோனது. பெட்டியைக் கழற்றிக்கொண்டு வா என்றது ஆபீஸ். அக்கா முகம் விழுந்துவிட்டது. பெட்டி போனால் லாரி போகும், லாரி போனால் இழுப்பு வரும். நான் மோட்டாரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை நின்ற இடத்திலேயே விட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனேன். வெறும் தகரப் பெட்டிக்கு லாரி பயபக்தியோடு தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தது. அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, எங்கேயும் நிற்காமல், ஒரே மூச்சில் சொன்னார்: "மோட்டாரு பொறுமையா வரட்டும் சார், பனி போற வரிக்கும் ஒன்னும் அவசரமில்ல!"

காற்று சுத்தமாவதற்குப் பெட்டிக்குள் மோட்டார் ஓட வேண்டியதில்லை, மேனேஜருக்குள் பயம் ஓடினால் போதும் என்பதுதான் என் இத்தனை வருஷத் தொழில் ஞானம்.