தேங்காத் தண்ணியில வழுக்கி வாங்குன கேமரா

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஒரு பக்கம் சோம்பேறித்தனம். இன்னொரு பக்கம், வலது கை ஆள்காட்டி வெரல ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒண்ண வச்சுக் கட்டி வச்சிருக்காங்க, கட்டவெரலாலயே போன்ல தட்டுறதுக்குள்ள உயிர் போவுது. நான் ஃபோர்ம் த்ரீயோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். ‘எங்கள் வீட்டுக் கோழி’ன்னு கட்டுரை எழுதச் சொன்னப்ப, அத அறுத்துக் கொழம்பு வச்ச கதைய எழுதி உள்ளங்கையில பெரம்படி வாங்குனவன். ஆனா என் கூட்டாளி சாப்பாட்டு நேரத்துல இந்தக் கதைய ஃபேக்டரி பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறான். அவன் சொல்ற கதையில நான் அழுதேன்னு வருது. நான் அழல. கண்ணுல தேங்காத் தண்ணி.

கூட்டாளியும் நானும் பினாங்குக்கு எதிர்க்கரையில, புக்கிட் தெங்காவுல ஒரே லைன்ல வேல. தகரத்த நசுக்கி மூடியாக்குற மெஷின். நாள் முழுக்க டமார் டமார். கைய உள்ள விட்டா ரொட்டி சானாய் மாதிரி தட்டதான். அந்தச் சத்தத்துல பேசுனா கேக்காது, அதனால நாங்க பேசுறதவிட அடிச்சுக்கிறது ஜாஸ்தி. காலையில குட்மார்னிங்குக்குப் பதிலா பொடனியில ஒண்ணு. பசியாறப் போலாமாங்கிறதுக்கு விலாவுல ஒரு குத்து. வெளி ஆளு பாத்தா ஜென்மப் பகைன்னு நெனைப்பான்.

அவங்கம்மாவுக்கு வாதம் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, அம்மா உசுரோட வீட்டுக்கு வந்தா மூணு வருஷம் வாயில அலகு குத்தி காவடி எடுக்குறேன்னு முருகன்கிட்ட வேண்டிக்கிட்டான். வந்துட்டாங்க. ஆனா கட்டில விட்டு எறங்க முடியாது. மொத வருஷம் படம் எடுக்கணும்னே யாருக்கும் தோணல. ரெண்டாவது வருஷம் நான் போன்ல எடுத்தேன். கூட்டம் இடிச்ச இடியில மூஞ்சி பூரா கலங்கி, சாம்பல அள்ளிக் காத்துல வீசுன மாதிரி இருந்துச்சு. அம்மா கண்ணுக்குக் கிட்ட வச்சு, தூர வச்சுப் பாத்துட்டு, “இது யாருய்யா?”ன்னு கேட்டாங்க. நான் சிரிச்சேன். கூட்டாளி சிரிக்கல. வெளிய வந்ததும் முதுகுல வச்சான் ஒண்ணு, அது வெளையாட்டு அடி இல்ல.

இந்தத் தைப்பூசத்துக்கு ஒரு மாசம் இருக்குறப்ப, “இந்த வருஷந்தான் கடைசி,” அப்படின்னான். “எனக்காகக் குத்திக்கிறான், அந்த மூஞ்சிய ஒரு தடவயாவது பாக்கணும்னு கெடக்குது அம்மா. நல்ல கேமராவா வாங்கு. இல்லன்னா ஒன்னத் தூக்கி மெஷின்ல வச்சிருவேன்.”

அதுல இருந்து அவன் விரதம். கறி இல்ல, மீன் இல்ல, தரையிலதான் படுக்க. கெட்ட வார்த்த பேசக்கூடாது, கோவப்படக்கூடாது, யார் மேலயும் கை வைக்கக்கூடாது. விரதம் கெட்டா அலகு குத்துறப்ப ரத்தம் கொட்டும், வேல் உள்ள எறங்காதுன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க. எனக்குப் பெருநாள் மாதிரி. தெனமும் அவன் பொடனியில ரெண்டு வச்சேன். அவன் “முருகா”ன்னு மட்டும் சொல்லுவான்.

கேமராவப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஜார்ஜ்டவுன்ல ஒரு மால்ல இருக்குற கடைக்குப் போயி, மேசையில இருந்தத எல்லாம் எடுத்து அமுக்கி அமுக்கிப் பாத்தேன். ஒண்ணு பூன தும்முற மாதிரி. ஒண்ணு சத்தமே இல்ல, ஊமை. இன்னொண்ண அமுக்குனேன் பாருங்க, கன்னத்துல பளார்னு விட்ட மாதிரி ஒரு சத்தம். அந்த எடத்துலயே விழுந்துட்டேன்.

கடை மொதலாளி, சீனத் தவுக்கே, மலாய்ல கேட்டாரு, வாங்க வந்தியா வெளையாட வந்தியான்னு.

“அந்தச் சத்தம் எங்கேருந்து வருது பாஸ்?”

உள்ள ஒரு கண்ணாடி இருக்குது, அமுக்குறப்ப அது மேல போயி அடிச்சுட்டுக் கீழ வருதுன்னாரு. கண்ணாடி மேல இருக்குற அந்த நேரத்துல நம்ம கண்ணுக்கு இருட்டு. எதப் படம் எடுக்குறமோ, அந்த ஒரு கணத்த மட்டும் எடுக்குறவன் பாக்க முடியாது. இப்ப எல்லாரும் கண்ணாடி இல்லாததுக்கு மாறிக்கிட்டு இருக்காங்க, நீ ஏன் இதுக்குப் போறன்னு கேட்டாரு. அடிக்கிற கேமராதான் வேணும்னேன். வெலயச் சொன்னாரு. நான் அத மெதுவா, தூங்குற கொழந்தைய எறக்குற மாதிரி, மேசையில வச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

அப்புறந்தான் போன்ல தேடி செகண்ட் ஹேண்டுக்கு வந்தேன். அதே கேமரா, லென்ஸோட. விக்கிறவரு சிம்பாங் அம்பாட்ல இருக்குற ஒரு அண்ணன், கல்யாணத்துக்குப் படம் எடுக்குறவரு. அவரும் கண்ணாடி இல்லாததுக்கு மாறுறாராம். வேலை வேலைன்னு நாள் தள்ளிப் போயி, கடைசியில தைப்பூசத்துக்கு மொத நாள்தான் ஒத்து வந்துச்சு. “ரதம் வர்ற ரோட்டுல எங்க குரூப்பு தேங்கா ஒடைக்குது தம்பி. அங்க வா, பாத்து வாங்கிக்க.”

கூட்டாளியும் நானும் ஃபெர்ரி ஏறிப் போனோம். பினாங்குல ரதத்துக்குத் தேங்கா ஒடைக்கிறது மத்த ஊரு மாதிரி ஒண்ணு ரெண்டு இல்ல. ரோட்டோரம் வீட்டு ஒயரத்துக்குக் குமிச்சு வச்சிருப்பாங்க. தமிழன், சீனன், ஆம்பள, பொம்பள, எல்லாரும் ஒரு வருஷத்துக் கோவத்த அன்னிக்குத்தான் தீத்துக்குவாங்க. ஓடு செதறி மொழங்கால வெட்டும். ரோடு பூரா தண்ணி ஓடும், எண்ணெ ஊத்துன மாதிரி வழுக்கும்.

அண்ணன் நல்ல ஒடம்பு. கழுத்துல பட்டயா ஒரு செயினு. கேமராவக் குடுத்தாரு. நான் லென்ஸக் கழட்டி வெயில்ல தூக்கிப் பாத்தேன், உள்ள பூஞ்ச பிடிச்சிருக்கான்னு. ஊதிப் பாத்தேன். மோந்து பாத்தேன்.

“என்ன தம்பி, கருவாடா வாங்குற?”

“கருவாடுன்னா மோந்ததும் தெரிஞ்சிரும்ணே. ஒங்கள மாதிரி ஆளுங்க வித்தாத்தான் தெரியாது.”

அவரு சிரிச்சாரு. அப்பக்கூட நல்லாத்தான் இருந்தாரு. வேகமா எடுக்குதான்னு பாக்கணும்னேன். ஒடையிற தேங்காய எடுத்துப் பாருன்னு அவருதான் சொன்னாரு. நான் குமியல் பக்கத்துல போயி குத்த வச்சேன். அவரு ஆளு ஒருத்தன், ரெண்டு கையிலயும் தேங்கா, மூச்சு விடாம அடிக்கிறான். நான் அமுக்குனேன். பளார் பளார் பளார். என்னமா அடிக்குது. இன்னும் கொஞ்சம் கிட்ட போனேன்.

கண்ணு முன்னால இருட்டு. கண்ணாடி மேல போன இருட்டுன்னு நெனச்சேன். இல்ல, ஓடு. ஒரு சில்லு லென்ஸ்ல பட்டு, அங்கேருந்து தெறிச்சு என் புருவத்தக் கிழிச்சுட்டுப் போச்சு. லென்ஸுக்கு முன்னால இருந்த கண்ணாடி செலந்தி வல மாதிரி விரிஞ்சு கெடக்குது.

அண்ணன் பாத்தாரு. “ஒடச்சவன் வாங்கணும்.”

“நான் எங்கண்ணே ஒடச்சேன். ஒங்க ஆளு அடிச்ச தேங்கா, ஒங்க கேமரா. நான் நடுவுல மூஞ்சியக் குடுத்தேன், அதுக்கு நீங்கதான் காசு தரணும். வெலயக் கொறைங்க.”

“கொறைக்கவா?”

“பாதி போடுங்க. மீதிப் பாதி என் புருவத்துக்கு.”

காதோட விழுந்துச்சு மொத அடி. மெஷின் சத்தம் கேட்டுப் பழகுன காதுக்கே உள்ள விசில் அடிச்சுது. அவரு கேமரா வாரப் பிடிச்சு இழுத்தாரு, நான் லென்ஸப் பிடிச்சு இழுத்தேன். தேங்காத் தண்ணியில ரெண்டு பேரும் வழுக்கி விழுந்தோம். அவரு மேல, நான் கீழ, கேமரா என் வயித்துக்கடியில. கோழி முட்டைய அடகாக்குற மாதிரி சுருண்டுக்கிட்டேன். முதுகுல குத்து. இடுப்புல மிதி, அது யாரு காலுன்னு தெரியல. என் கைக்கு ஒரு பாதித் தேங்கா கெடச்சுது, அத அவரு மொழங்கால்ல வச்சு அறைஞ்சேன். அவரு என் தலமயிரப் பிடிச்சு ரோட்டுல தேய்ச்சாரு. நான் கையக் கடிச்சேன். உப்பு, அப்புறம் இரும்பு ருசி. தேங்காத் தண்ணி ரோஸ் கலர்ல ஓடுது, அது யாரு ரத்தம்னு சொல்ல முடியாது.

அந்த நேரத்துல தலயத் திருப்பி கூட்டாளியப் பாத்தேன்.

ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறான். “விடுங்கண்ணே, விடுங்கண்ணே”ங்கிறான், வாத்தியாருகிட்ட லீவு கேக்குற மாதிரி. தாட துடிக்குது. அடுத்த அடி என் வாயில விழுந்தப்ப அவன் கை பின்னால இருந்து முன்னால வந்துருச்சு. முஷ்டி மடக்கியாச்சு. அந்தக் கை எப்பிடி எறங்கும்னு என்னவிட யாருக்கும் தெரியாது. எறங்குச்சுன்னா அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போவாரு, நான் தப்பிச்சிருவேன். ஆனா விரதம் போச்சு. நாளைக்கு அலகு இல்ல. கேமரா கையில இருந்து என்ன, எடுக்க மூஞ்சி இருக்காது. மூணாவது வருஷமும் அம்மா சாம்பலத்தான் பாக்கணும்.

“கைய எறக்குடா,” அப்படின்னேன் ரத்தத்தத் துப்பிட்டு. “இது என் அடி. நீ பங்கு கேக்காத.”

“மச்சான்…”

“எறக்குடா நாயே. அடிச்ச, நானே ஒன்ன அடிப்பேன்.”

எறக்குனான். நான் அண்ணன்கிட்ட, முழு வெலயும் தந்துர்றேன், விடுங்கன்னேன். அவரு காதுல விழல. என்ன மல்லாக்கப் பெரட்டிக் கைய ஓங்குனாரு.

அந்த நேரம் பாத்து ரதம் வந்துச்சு. மேளம், அரோகரா, ரோடே எந்திரிச்சு நிக்குது. அண்ணன் ஓங்குன கைய அப்படியே தலைக்கு மேல கொண்டு போயி, இன்னொரு கையையும் சேத்துக் கும்புட்டாரு. என் நெஞ்சு மேல ஒக்காந்துக்கிட்டே. கண்ண மூடிக்கிட்டாரு, ஒதடு முணுமுணுக்குது. நானும் கெடந்த வாக்குல கும்புட்டேன். அப்புறம் ஜேப்புல இருந்த காச எடுத்து, அவரு சட்டப் பையில சொருகுனேன். கும்புடுறவன் கை மேல இருக்குது, என்ன பண்ண முடியும். அப்பிடித்தான் நான் கேமரா வாங்குனேன்.

ரதம் தாண்டுனதும் கண்ணத் தொறந்து பையத் தொட்டுப் பாத்தாரு. “முழுசா இருக்கா?”

வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா முடிஞ்சிருக்கும். “முருகன் எண்ணிட்டாருண்ணே, அவர்ட்ட கேளுங்க,” அப்படின்னேன்.

ஆள்காட்டி வெரலப் பிடிச்சுப் பின்பக்கமா மடக்குனாரு. குச்சி ஒடையிற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எந்திரிச்சு, சட்டயத் தொடச்சுக்கிட்டுப் போனவரு, திரும்பி வந்தாரு. நான் மறுபடியும் சுருண்டேன்.

“லென்ஸ் மூடிய மறந்துட்ட தம்பி,” அப்படின்னாரு. “அரிசி டப்பாவுல போட்டு வை, பூஞ்ச பிடிக்காது.”

கிளினிக்குல புருவத்துக்குத் தையலும் வெரலுக்குக் கட்டும் போட்டுக்கிட்டு வந்து, சாயந்தரம் வீட்டுல ஒக்காந்து ஒடஞ்ச சில்ல ஒவ்வொண்ணா நோண்டி எடுத்தப்பத்தான் தெரிஞ்சுது. ஒடஞ்சது மேல மாட்டுற பாதுகாப்புக் கண்ணாடி மட்டுந்தான். உள்ள இருந்த லென்ஸுக்கு ஒரு கீறல் இல்ல. பசார்ல ஒரு நாள் கறி வாங்குற காசுக்காக நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு உருண்டிருக்கோம்.

மறுநாள் விடியக்காலையில கூட்டாளி மஞ்ச வேட்டியோட நிக்கிறான், முகம் வெளுத்துப் போயி.

“மச்சான், அந்த அண்ணன மனசுக்குள்ள நான் என்னெல்லாம் பண்ணேன் தெரியுமா. காதப் பிச்சேன். பல்ல ஒடச்சேன். குமியல்ல வச்சு மண்டய ஒடச்சேன். இதுக்கு ரத்தம் வருமாடா?”

“மனசுல அடிச்சதுக்கெல்லாம் கணக்கு இல்லடா.”

“யாரு சொன்னா?”

“நாந்தான்.”

பூசாரி கன்னத்தத் திருநீறு போட்டுத் தடவுனாரு. உறுமி ஏறுது. ஆள்காட்டி வெரலு வேலைக்காகாது, நடு வெரல பட்டன் மேல வச்சேன். வேல் மொன கன்னத்துல அமுங்குது, தோலு கூடாரம் மாதிரி உள்ள போவுது, அவன் கண்ணு மேல சொருகுது. நான் அமுக்குனேன். பளார். எனக்கு இருட்டு. வெளிச்சம் வந்தப்ப வேல் அந்தப் பக்கத்துக் கன்னத்துல நிக்குது. ஒரு சொட்டு செவப்பு. விரதம் கெட்டுருச்சுன்னே நெனச்சேன். அப்புறம் பாத்தா, அது என் புருவத்துத் தையல் விட்டு கேமரா மேல சொட்டுனது. அவன் கன்னம் சுத்தம்.

அன்னிக்கு சாயந்தரமே கேமராவ அவங்கம்மா கண்ணு முன்னால பிடிச்சேன். எப்பிடிப் பெருசாக்குறதுன்னு காட்டுனேன். அவங்க நல்லா இருக்குற கையால, படத்துல வேல் நுழையிற எடத்துல தடவுனாங்க, எடுத்து விடப் பாக்குற மாதிரி. “வலிச்சிச்சாய்யா?”ன்னு அவன்கிட்ட கேட்டாங்க. அவன் இல்லன்னான். அப்புறம் என் பக்கம் திரும்பி, “ஒன் மூஞ்சி ஏன்யா இப்பிடி இருக்கு?”

“தேங்கா பட்டுருச்சும்மா.”

“எத்தன தேங்கா?”

கூட்டாளி வெளிய எந்திரிச்சுப் போயிட்டான்.

இடும்பன் பூச முடிஞ்சு அவன் விரதம் விட்ட அன்னிக்கு, நான் சும்மா இருக்காம அவனுக்கு ஒரு மெசேஜ் தட்டுனேன். டேய், கைய கட்டிக்கிட்டு நின்ன வீரா, கறி சாப்டாச்சான்னு.

உடனே பதில் வந்துச்சு: “சாப்டாச்சு, அம்மாவும் படம் பாத்தாச்சு, அந்த அண்ணன் சிம்பாங் அம்பாட்ல எந்தத் தாமான், எத்தனாம் நம்பர் வீடுன்னு மட்டும் சொல்லு.”