கண் திறந்த ஜெபம்

எங்கள் சபையில் ஷீபாவைப் பற்றி இப்போது ஒரு புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெபம் பண்ணும்போது அவள் கண்ணை மூடுவதில்லையாம். போன மாதம் ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம், கமிட்டியில் இருக்கும் இம்மானுவேல் அண்ணன் என்னிடம் வந்தார். "ஒங்க சிநேகிதிகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க. கண்ணத் தெறந்துக்கிட்டு ஜெபம் பண்றது நல்லாவா இருக்கு? பிள்ளைக பாத்துப் பழகிரும்ல?" என்றார்.

"அவ கண்ணு தெறந்திருந்தத நீங்க எப்பிடிண்ணே பாத்தீக? அந்நேரம் ஒங்க கண்ணு மூடியில்ல இருந்திருக்கணும்?" என்றேன்.

அவருக்குச் செருப்பு உடனே கிடைத்துவிட்டது. மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் வீடு வந்து சேரும்வரை கோபம் அடங்கவில்லை. ஷீபா கண்ணைத் திறந்து வைத்திருப்பது திமிரால் அல்ல, வெட்கத்தால். அது என்ன வெட்கம் என்று என்னைத் தவிர சபையில் யாருக்கும் தெரியாது. எழுதட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எம் பேரப் போட்டே எழுதுக்கா. மறச்சு என்னாகப் போகுது" என்றாள்.

சின்னமனூர் கடைத்தெருவில் அவளுக்குச் சின்னதாக ஒரு தையற்கடை. முகூர்த்த மாதம் வந்துவிட்டால் தரையில் கால் வைக்க இடமில்லாமல் ஜாக்கெட் துணி குவிந்து கிடக்கும். கணவர் விஜய்ராஜ் ஜீப் ஓட்டுகிறார். விடியும் முன்பே இங்கிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் திரும்ப அழைத்து வருவார். அந்த ஜீப்பில் வரும் பெண்களுக்கு ஷீபா வீடு பாதி வழியில் இருக்கும் தாய்வீடு மாதிரி. காய்ச்சலோடு இறங்கினவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். மழையில் நனைந்து வந்தவளுக்குத் தன் சேலையையே எடுத்துக் கொடுத்துவிட்டு, அதைத் திரும்பக் கேட்கவும் மாட்டாள். இளகிய மனசு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லப்போவதைக் கேட்டு யாரும் அவளை வேஷக்காரி என்று நினைத்துவிடக் கூடாது.

அவளிடம் ஒரே ஒரு கோளாறு இருந்தது. ஜெபம் பண்ண ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. வீட்டுக் கூட்டங்களில் முடிவு ஜெபம் அவளிடம் போனால் எல்லோரும் உட்காரும் தோரணையை மாற்றிக்கொள்வோம். உலக நாடுகளில் தொடங்குவாள். தலைவர்களுக்கு ஞானம் கேட்டு, வைகை அணை நிரம்பக் கேட்டு, திராட்சைத் தோட்டங்களில் நோய் விழாதிருக்கக் கேட்டு, ஒருவழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் ஊற்றி வைத்த டீயில் ஆடை படர்ந்துவிடும். என் வீட்டில் ஒருமுறை உலையே அடிப்பிடித்தது. வாசனை மூக்கைத் துளைக்கிறது, ஆனால் 'ஆமென்' வராமல் எழுந்து போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஜெபத்தின் நடுவே எழுந்து போகிறவளைக் கடவுள் மன்னித்தாலும் சபை மன்னிக்காது. அன்று எல்லோரும் அடிப்பிடித்த சோற்றைத்தான் சாப்பிட்டோம்.

அந்த ஜெபத்துக்குப் பேரும் இருந்தது. 'ஷீபா கை வைத்து ஜெபித்தால் கேட்கும்' என்று வெளியூரிலிருந்தெல்லாம் கூப்பிடுவார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். இல்லை என்று அவளும் சொல்லமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் அவளும் பெண்கள் ஐக்கியத்திலிருந்து இரண்டு பேரும் தேனிக்குப் பஸ் ஏறுவார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கட்டில் கட்டிலாகப் போய் ஆளுக்கொரு பன் கொடுத்து, வேண்டும் என்கிறவர்களுக்கு ஜெபித்துவிட்டு வருவார்கள். ஆஸ்பத்திரி ஊழியம் என்று அதற்குப் பெயர். இந்த வருடம் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்த விளைச்சலைச் சபையில் ஏலம் விட்டார்கள், மற்ற இருவரும் அதில் வாழைத்தார் எடுக்க நின்றுவிட்டார்கள். ஷீபா தனியாகப் போனாள். பண்டிகைக்குக் கட்டியிருந்த அரக்கு நிறப் பட்டுச்சேலையை மாற்றக்கூட நேரமில்லை.

எலும்பு முறிவுக்கான பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் மொக்கம்மாள் என்று ஒருவர். மயிலாடும்பாறைப் பக்கம் விவசாயக் குடும்பம். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவர் வரப்பில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தார். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், நகர முடியாது. கூட இருந்த மருமகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

"ஒங்களுக்காக ஜெபம் பண்ணட்டுமாம்மா?" என்று ஷீபா கேட்டாள்.

"பண்ணுங்கத்தா. எந்தச் சாமியா இருந்தா என்ன, எந்திரிச்சு நடந்தாப் போதும்" என்றார் மொக்கம்மாள். பிறகு குரலைத் தணித்து, "அதுக்கு முன்னால கொஞ்சம்..." என்று எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிசம்மா, முடிச்சிருவோம்" என்று ஷீபா அவர் தலைமேல் கையை வைத்துக் கண்ணை மூடிவிட்டாள்.

ஒரு நிமிடத்தில் முடிகிற ஜெபமா அது? இரக்கமுள்ள தகப்பனே என்று தொடங்கினதுமே வார்டில் பேச்சுச் சத்தம் குறைந்தது. யாரோ கைபேசியில் ஓடிய பாட்டை நிறுத்தினார்கள். எல்லோரும் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் ஷீபாவுக்குக் குரல் தானாக ஏறியது. நடுவில் அவள் சேலையை யாரோ பிடித்து இழுத்தது போல் இருந்தது. கட்டிலில் கிடக்கிறவர் உருகிப்போய்ப் பற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். மறுபடியும் ஓர் இழுப்பு, "ஆத்தா" என்று மெல்லிய குரல். ஷீபா கையை இன்னும் அழுத்தி வைத்து இன்னும் சத்தமாக ஜெபித்தாள்.

காலடியில் ஈரம் பட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள். ரெக்சின் மெத்தையின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் ஓடி அவள் கால்விரலைத் தொட்டிருந்தது.

அந்த நேரத்தில் அவள் செய்தது இதுதான்: இரண்டு கையாலும் பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். முகமும் சுளித்திருக்கும் என்கிறாள். நிமிர்ந்தபோது மொக்கம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்கத்தா. எம்புட்டோ அடக்கிப் பாத்தேன், முடியல. சாமி கும்புடுற நேரத்துல எப்பிடி நடுவுல நிப்பாட்டச் சொல்றது?" என்றார் மொக்கம்மாள். உடம்பில் கிடந்த துணியை இழுத்து ஈரத்தை மறைக்கப் பார்த்தார். கை எட்டவில்லை. "தீட்டாயிருச்சே. ஒங்க சாமி கோவிச்சுக்கிருவாரா?" என்று கேட்டார்.

ஷீபா தூக்கிய சேலையை இன்னும் விடவில்லை. பக்கத்துக் கட்டிலில் தங்கைக்குத் துணையிருந்த முத்துமாரியம்மாள்தான் எழுந்து வந்தாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த சிறுநீர்ச் சட்டியைக் காலால் இழுத்து ஷீபா கண்ணில் படும்படி தள்ளினாள். "இத எடுத்து வைக்கச் சொல்லித்தான் அந்தம்மா ரெண்டு தரம் ஒஞ் சேலையப் புடிச்சு இழுத்துச்சு. கூப்பிட்டுச்சு. நீ என்னடான்னா தலையப் போட்டு அமுக்குற. தள்ளு அங்கிட்டு!" என்றாள். சொல்லிக்கொண்டே துணியை உருவி, துடைத்து, மாற்று விரிப்பைத் தேடத் தொடங்கிவிட்டாள்.

ஷீபா பையிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள். மேசைமேல் வைத்தாள். வெளியே வந்துவிட்டாள்.

பன்னை வைத்துவிட்டு வந்ததைச் சொல்லும்போதுதான் அவள் அதிகம் அழுதாள். அந்த ஞாயிறு கழிந்து இரண்டாம் நாள் நான் ஜாக்கெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். மெஷினில் துணி இருந்தது, அவள் கை ஓடவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டதுதான் தாமதம், கொட்டிவிட்டாள். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிப்பதையும் விஜய்ராஜ் தலையில் கட்டிவிட்டாளாம். பாவம், அந்த மனிதர் 'சாப்பாட்டுக்கு ஸ்தோத்திரம், ஆமென்' என்று முடித்துவிட்டு, மனைவிக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்துபோயிருக்கிறார்.

"தெரியாம நடந்ததுதான ஷீபா" என்றேன்.

"தெரியாமயா?" என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ரெண்டாவது தரம் இழுத்தப்ப எனக்குத் தெரியும்க்கா. அந்தம்மாவுக்கு என்னமோ வேணும்னு தெரியும். ஆனா வார்டே கேட்டுக்கிட்டு இருந்துச்சு. நிப்பாட்ட மனசு வரல. அவுகளுக்காக ஜெபம் பண்றேன்னு சொல்லிட்டு அவுகளத்தான் நான் மறந்துட்டேன். கடசில அவுக எங்கிட்ட மன்னிப்புக் கேக்குறாக. நான் சேலையத் தூக்கிட்டு நிக்கிறேன்."

ஆறுதலாக எதைச் சொன்னாலும் பொய்யாகத்தான் இருந்திருக்கும். ஜாக்கெட்டை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் வாக்கா. ஒத்தையில போகக் காலு வரல." சாதாரண நூல்சேலை கட்டியிருந்தாள். பையில் பன் இல்லை. படுத்திருப்பவரை அசைக்காமலே மாட்டவும் கழற்றவும் தோதாக, பக்கவாட்டில் முடிச்சு வைத்த பருத்தி நைட்டி இரண்டு இருந்தன. வாரம் முழுக்க வேறு துணி தைக்கவில்லை போல. பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. அப்புறம், "அந்தம்மா டிஸ்சார்ஜ் ஆகிப் போயிருந்தா நல்லதுல்ல?" என்றாள். யாருக்கு நல்லது என்று நான் கேட்கவில்லை.

மொக்கம்மாள் அங்கேதான் இருந்தார். ஆபரேஷன் முடிந்திருந்தது. நாங்கள் வார்டு வாசலில் நுழைந்ததுமே பார்த்துவிட்டார். முகத்தில் ஒரு பதற்றம். கையை ஊன்றித் தலையைத் தூக்கிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ மாரி! வெரசா அந்தச் சட்டிய எடுத்து வையித்தா. செபக்காரம்மா வந்துட்டாக!"

வார்டில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. போன தடவை மாதிரி ஆகிவிடக் கூடாதே என்ற பயத்தில் சொன்னார். எனக்கே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஷீபாவின் கை என் கையிலிருந்து நழுவியது. ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் முத்துமாரியம்மாளை முந்திக்கொண்டு போய்க் கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

"வேணாந்தா, நீங்க தொடக் கூடாது" என்று மொக்கம்மாள் பதறினார்.

ஷீபாவுக்கு அதை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. முத்துமாரியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, "பைய, பைய. அந்தப் பக்கம் தூக்கு" என்று அதட்டினாள். திரும்ப எடுக்கும்போது சட்டி சாய்ந்து கொஞ்சம் சேலைமேல் சிந்தியது. ஷீபா அதைப் பார்க்கவே இல்லை. கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்து, வெந்நீர் வாங்கித் துடைத்துவிட்டு, புது நைட்டியை மாட்டி முடிச்சுப் போட்டாள்.

எல்லாம் முடிந்ததும் மொக்கம்மாள் கையைக் கூப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஜெபத்துக்குத் தயார்.

ஷீபா அவர் தலையில் கை வைக்கவில்லை, கூப்பிய கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் திறந்தே இருந்தது. அந்த முகத்தில் ஒரு சுருக்கம் அசைந்தாலும் தெரிய வேண்டும் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆண்டவரே, இவுகளுக்கு வலியக் கொறைங்க. நல்லா நடக்க வைங்க. ஆமென்."

மொக்கம்மாள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அம்புட்டுத்தானாத்தா? போன வாட்டி எம்புட்டு நேரம் பண்ணுனீக." கொஞ்சம் யோசித்தார். முகம் வாடியது. "ஒங்க சாமிக்கு எம்மேல இன்னும் கோவம் போகலயா?"

ஷீபா கட்டிலோரம் மண்டியிட்டு உடைந்து அழுதாள். "ஒங்க மேல எதுக்கும்மா கோவம்? கோவப்பட்டா எம்மேலதான் படணும். அன்னைக்கு நான் சேலையத் தூக்கிக்கிட்டு ஓடுனேன். நீங்க பாத்தீகள்ல?"

"பாத்தேன்" என்றார் மொக்கம்மாள்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஷீபாவின் நனைந்த நூல்சேலையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நல்ல பட்டுல்ல அது. நானா இருந்தாலும் தூக்கியிருப்பேந்தா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஷீபா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னமனூரில் இறங்கும்போது சொன்னாள்.

"அந்தம்மா என்னையத் திட்டியிருந்தாத் தேவலக்கா."