எடைமேடைப் புரபசரின் முப்பத்தேழு சான்றிதழ்கள்

பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்றின் வாசலில், கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு பெட்டி அறை இருக்கிறது. அதற்குள் பத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தவர் லாரிகளுக்கு எடை போடுகிறவர். லாரி மேடையில் ஏறும், ஓட்டுநர் இறங்குவார், இவர் பொத்தானை அழுத்திச் சீட்டைக் கிழித்துக் கொடுப்பார். அந்த மேடை இருபது இருபது கிலோவாகத்தான் எண்ணும்; அதற்குக் குறைந்த எதையும் மதிக்காது.

ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து நிமிடம் சும்மா கிடக்கும். மற்ற ஷிப்டுக்காரர்கள் அதில் தூங்கினார்கள், அல்லது அடுத்தவனைப் பற்றிப் பேசினார்கள். நம்மவர் இரண்டையும் துறந்து உயர்கல்வி பயின்றார்.

இணையத்தில் ஒரு பல்கலைக்கழகம் குறும்படிப்புகளை இலவசமாக அள்ளி வீசுகிறது. எரிமலை நான்கு மணி நேரம், புள்ளியியல் ஆறு, ரோமாபுரியின் எழுச்சி மூன்று, வீழ்ச்சி தனியாக இரண்டு. ‘நான் என்பது யார்?’ என்ற தத்துவப் படிப்பு எட்டு மணி நேரம். அந்தக் கேள்வியை அவர் பதினோரு நாளில் தீர்த்துவிட்டார். தேர்வில் தப்பு விட்டால் மறுபடி எழுதலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும். இவ்வளவு இரக்கமுள்ள தேர்வைப் பள்ளியில் கண்டிருந்தால் அவர் பள்ளியைவிட்டு வந்தே இருக்க மாட்டார். மூன்றாண்டில் முப்பத்தேழு படிப்புகள் முடிந்தன. ஓட்டுநர்கள் ‘புரபசர்’ என்று பட்டம் கொடுத்தார்கள்.

“என்ன புரபசரே, இன்னிக்கு என்ன பாடம்?”

“மூலக்கூறு.”

“அதப் படிச்சா என் லாரி காத்திருக்கிற நேரம் குறையுமா?”

“குறையாது.”

“அப்புறம் என்னய்யா படிப்பு!”

வீட்டில் மனைவி சீருடை தைத்துக் கொடுப்பவர். மாலையில் இவர் பாடத்தை விளக்க, அவர் காஜா எடுத்துக்கொண்டே கேட்பார். “அடியில அவ்ளோ கொதிக்குதுன்னா, மேல நமக்கு ஏங்க கால் சுடல?” என்று திடீரென்று ஒரு கேள்வி வரும். புரபசருக்கு வேர்க்கும். மறுநாள் எரிமலையை முதலிலிருந்து பார்ப்பார்.

அப்படி இருக்கையில் ஆலையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். மாத இறுதியில் தானியங்கி எடைமேடை வருகிறது. எடை போடும் நான்கு பேருக்கும் வேலை இல்லை. சரக்கு அனுப்பும் பிரிவில் மட்டும் ஒரு நாற்காலி காலி. நால்வரில் படிப்புச் சான்று காட்டுகிறவருக்கு அது. ஐம்பத்திரண்டு வயதில் வேறெந்த வாசலும் தமக்குத் திறக்காது என்பது புரபசருக்குத் தெரியும். அதற்குக் குறும்படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

முப்பத்தேழையும் அச்செடுத்துக் கோப்பில் போட்டு மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் புரட்டினார்.

“யாருங்க இந்த அம்மா?”

“எந்த அம்மா சார்?”

மேலாளர் தாளைத் திருப்பிக் காட்டினார். எல்லாவற்றிலும் மனைவியின் பெயர்.

அதை அவர் பார்க்காமல் இல்லை. மூன்றாண்டாக அந்தப் பெயருக்கு வணக்கம் சொல்லித்தான் பாடமே திறந்தது. ஆனால் வீட்டு மின்சாரக் கட்டணம் காலமான மாமனார் பெயரில் வருகிறது. அதற்காக விளக்கு எரியாமலா இருக்கிறது? பெயர் என்பது காகிதத்துக்கு, வெளிச்சம் நமக்கு என்று இருந்துவிட்டார்.

“வீட்டுக்காரி சார். போன் அவ குடுத்த பழசு, அதுல இருந்த மெயிலும் அவளோடது. படிச்சது நான்தான். வேணும்னா எரிமலையப் பத்திக் கேளுங்க.”

“எரிமலைய வச்சு நான் என்னய்யா பண்ண? உங்க பேர்ல தாள் வேணும். முப்பதாம் தேதிக்குள்ள கொண்டாங்க.”

பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பெயரில் பிழை இருந்தால் திருத்துவோம், ஆளையே மாற்ற வழியில்லை, புதிதாகச் சேர்ந்து படிக்கவும் என்று மிகுந்த மரியாதையுடன் பதில் வந்தது. பன்னிரண்டு நாள் மிச்சம்.

“மூணு வருஷமா என் பேர்ல பரீட்சை எழுதியிருக்கீங்க. எனக்கே தெரியல” என்றார் மனைவி.

“கரண்டு பில்லு கூடத்தான் உங்க அப்பா பேர்ல...”

“அதக் கட்டுறது நான்.”

புரபசர் தம் பெயரில் புதிதாகச் சேர்ந்து முதல் பாடத்தைத் திறந்தார். மனைவி தைக்க வந்த துணியை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். புரபசர் ஒரு வினாவின் முன் தலையைச் சொறிந்துகொண்டிருக்கையில், “ரெண்டாவது விடைங்க. நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க” என்றார். அதுதான் சரி. அடுத்ததும் சரி. பன்னிரண்டு நாளில் ஒன்பது படிப்புகள் முடிந்தன. ஒவ்வொரு முறையும் திரை இப்போது புரபசரின் சொந்தப் பெயரைச் சொல்லிப் பாராட்டியது. அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

முப்பதாம் தேதி மேலாளர் பெயரைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு தேதியைப் பார்த்தார்.

“எல்லாம் இந்த மாசமா? வேலை போகுதுன்னதும் அவசரமா சேத்தீங்களோ?”

“இல்ல சார், எல்லாம் ஏற்கெனவே படிச்சதுதான். பழைய தாள் இருக்கே...”

“அது வீட்டம்மாவோடது.”

நாற்காலி இன்னொரு ஷிப்டுக்காரருக்குப் போயிற்று. அவரிடம் ஓரம் செல்லரித்த தட்டச்சுச் சான்றிதழ் ஒன்று இருந்தது. தேதி பழையது, பெயர் அவருடையது. இத்தனைக்கும் அந்தப் பிரிவில் தட்டச்சு இயந்திரமே கிடையாது.

அன்று மாலை கடைசி ஷிப்டு. மறுநாள் பழைய மேடையைப் பெயர்க்கப் போகிறார்கள். கைப்பேசி அடித்தது. திரையில் மனைவியின் பெயர். எடுக்கவில்லை. லாரி எதுவும் வராததால் கோப்பை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறி நின்றார். ஓட்டுநர்களுக்காக வெளியே மாட்டிய பலகையில் சிவப்பு எண் எழுந்தது: அறுபது. இறங்கிக் கோப்பைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி ஏறினார். அறுபது.

பின்னால் ஒலிப்பான் அலறியது.

“புரபசரே, கொஞ்சம் எறங்குங்க. நான் ஏறணும்!”

இறங்கினார். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினார். சீட்டைக் கிழித்துச் சன்னல் வழியே நீட்டினார். கைப்பேசி மறுபடி அடிக்கத் தொடங்கியது.