மரக்காணத்துக் காற்றில் அரை மில்லிமீட்டர்

2025 டிசம்பர் 13, சனிக்கிழமை, காலை 6.10. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் மூடுபனி. மழை இல்லை, ஆனால் எதிரே இருந்த கடையின் பெயர்ப்பலகை தெரியவில்லை. மரக்காணம் பேருந்தில் பதினொரு பேர் இருந்தோம். கட்டணம் 27 ரூபாய், தூரம் சுமார் 34 கிலோமீட்டர். என் மடியில் மடிக்கணினி, தோளில் மூன்றடி நீள அட்டைக் குழாய், சட்டைப் பையில் திருகு அளவி.

நடத்துநர் குழாயைத் தட்டிப் பார்த்து, "என்ன பெரியவரே, துப்பாக்கியா?" என்றார். காகிதம் என்றேன். காகிதத்துக்கா இவ்வளவு பாதுகாப்பு என்று பின்இருக்கைக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

முந்தைய நாள் மாலை ஜெசிந்தா மேரியிடமிருந்து தொலைபேசி வந்தது. மரக்காணத்தை அடுத்த மீனவர் குடியிருப்பில், தையல்கடைத் துணிக் கழிவைக் கூழாக்கிக் கையால் காகிதம் செய்கிறவர். நான் நில அளவை அலுவலகம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவன். வயது 76. கணினியில் வரையத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. முதல் இரண்டு மாதம் நேர்கோடு ஒன்றை இழுத்தால் அது எங்கே போனது என்று தேடுவதிலேயே கழிந்தது. ஜூலையில் புதுச்சேரிக் கண்காட்சி ஒன்றில் அவரிடம் ஆறு தாள் வாங்கினேன். பேச்சில் பேச்சாக, அவர் ஊர்ப் பங்குக் கோயிலுக்கான கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டேன்.

பசை கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. போன வருடம் ஒட்டிச் செய்த நட்சத்திரங்கள் மூன்றாம் நாள் உப்புக்காற்றில் பிரிந்து, ஒன்று பூசை நேரத்தில் கீழே விழுந்ததாம். ஆகவே மடித்துச் செருகும் முறையில் வரைந்தேன். ஒரு நட்சத்திரத்துக்கு ஆறு கரம், கரத்துக்கு இரண்டு நாக்கு. அவை பக்கத்துக் கரத்தின் துளைகளில் நுழைந்து பிடித்துக்கொள்ள வேண்டும். இருபத்திநான்கு நட்சத்திரங்களுக்கு 144 கரம், 288 நாக்கு. புதுச்சேரியில் ஒரு கடையில் என் கோப்பைக் கொடுத்து இயந்திரத்தில் வெட்டி வாங்கியிருந்தார். ஒரு நாக்குகூட உள்ளே போகவில்லை. திணித்துப் பார்த்ததில் பதினொரு கரம் கிழிந்துவிட்டது. நட்சத்திரங்களைக் கட்ட வேண்டியது ஞாயிறு காலைப் பூசைக்கு முன்.

6.55க்குப் பெருமுக்கல். மலையின் அடிவாரம் மட்டும் தெரிந்தது. 7.25க்கு மரக்காணம். ஒரு தேநீர், 12 ரூபாய். ஆட்டோக்காரர் நூறு கேட்டார். கைப்பேசியில் தூரத்தைக் காட்டினேன், 2.8 கிலோமீட்டர். "அறுவது குடுங்க, காலங்காத்தால கணக்கு வேணாம்" என்றார்.

உப்பளங்கள் முழுக்கத் தண்ணீர். தை பிறந்து வெயில் ஏறினால்தான் வேலையாம். போன பருவத்து உப்பு கீற்று போர்த்திய குவியல்களாக நின்றது. இடப்பக்கம் நாற்பத்திரண்டு வரை எண்ணினேன். வலப்பக்கம் பனி மறைத்துவிட்டது.

7.50. ஜெசிந்தாவின் வீட்டுக் கூடத்தில் கரங்கள் ஆறு ஆறாக அடுக்கியிருந்தன. அவர் இரவு தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. கணவரின் தம்பி சூசை அங்கே நின்றிருந்தார். கோயில் காரியங்களைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலாளர். பிளாஸ்டிக் நட்சத்திரம் போதும் என்று கூட்டத்தில் சொன்னவர் இவர்தான்; அத்தனை பேர் முன்னால் மறுத்துப் பேசியவர் ஜெசிந்தா.

"மூணு மணிக்கு வண்டி எடுக்கறேன் அண்ணி. பாண்டியில ரெடிமேட் ஸ்டார் தொங்குது. சாருக்கு ஒரு டீயக் குடுத்து பஸ் ஏத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் வெட்டிய கடையைச் சந்தேகித்தேன். அரை மில்லிமீட்டர் தகடு ஒன்றைத் துளைகளில் நுழைத்துப் பார்த்தேன். பத்துத் துளையிலும் சரியாகப் போனது. பிறகு தாளின் தடிமனைத் திருகு அளவியால் அளந்தேன்: 0.62. வாங்கிய தாளை அளந்து என் குறிப்பேட்டில் அக்டோபரில் எழுதியது 0.50; துளைகளை அந்த அளவுக்குத்தான் வரைந்திருந்தேன். தடித்த தாளைக் கொடுத்துவிட்டீர்கள் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன் போலும்.

"அதே கூழு, அதே சல்லடை, அதே கையி சார். நான் எதுக்கு மாத்தப் போறேன்?" என்றார். திரும்பி உட்கார்ந்து கரங்களை மறுபடி அடுக்கத் தொடங்கினார்.

நிரூபிக்க எண்ணி, குழாயில் கொண்டுபோன என் தாளை எடுத்து அளந்து மேசையில் வைத்தேன். 8.55க்கு 0.50. அது போதாதென்று, இரண்டாம் முறை சரிபார்க்க 10.30க்கு மீண்டும் அளந்தேன். 0.57. மூன்று இடத்தில் அளந்தேன், மூன்றும் 0.57. தாள் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்துக்கொண்டிருந்தது. திரையில் அரை மில்லி எழுதினால் அது எந்த ஊரிலும் அரை மில்லிதான். அந்த நம்பிக்கையில் 288 துளைகளையும் திண்டிவனத்தில் என் அறையின் வறண்ட காற்றுக்கு வரைந்திருக்கிறேன்.

தப்பு என்னுடையது என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். அவர் தாளைத் தடவிக்கொண்டிருந்தார்.

கணினியில் துளையை அகலமாக்க எனக்கு நான்கு நிமிடம் ஆனது. ஆனால் புதிதாக வெட்டித்தர அன்று நேரமில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். கத்தியால் அகலப்படுத்தினால், துளைக்கு இரண்டு நிமிடம் வீதம் ஒன்பது மணி 36 நிமிடம். இதை நான் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா எழுந்தார்.

"சார், இது துணிதானே. ஈரமா இருந்தா இஸ்திரி போட்டுற வேண்டியதுதான்."

சனிக்கிழமைகளில் கோயில் பீடத்து விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது அவர் வேலை. மெல்லிய துணி மேலே போட்டு, சூட்டைக் குறைத்து, ஒரு நாக்கைத் தேய்த்துக் கொடுத்தார். அளந்தேன்: 0.49. செருகினேன், நுழைந்தது. அடுத்ததை ஒரு நிமிடம் தாமதித்துச் செருகியபோது போகவில்லை. ஆகவே அவர் தேய்க்க, சூடு ஆறுமுன் நான் செருகினேன். முதல் நட்சத்திரத்துக்கு இருபது நிமிடம், ஐந்தாவதற்கு ஒன்பது. சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு நிமிடம்.

2.50க்குச் சூசை வண்டிச் சாவியோடு வந்தபோது பத்தொன்பது முடிந்திருந்தது. ஒன்றைத் தூக்கி, மேல் கரத்தைப் பிடித்து இழுத்தார். நட்சத்திரம்தான் கூடவே வந்தது; கரம் கழலவில்லை. காய்ந்து மெலிந்து உள்ளே போன நாக்கு, அங்கேயே ஈரம் குடித்துப் பருத்து இறுகியிருந்தது. பலமாக இன்னொருமுறை இழுத்தார்.

"பசையே இல்லையா அண்ணி?"

"இழுத்துப் பாரேன், நல்லா. அப்பறம் பூசையில விழுந்துச்சுன்னு சொல்லாத."

அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த கரத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். 3.20க்கு இருபத்திரண்டு முடிந்தது. அதற்குமேல் நல்ல கரம் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கோயில் முகப்பில் இரண்டு குறைந்தால் யார் எண்ணப் போகிறார்கள் என்றார் சூசை. நான் எண்ணுவேன் என்றேன். ஜெசிந்தா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

4.45, திரும்பும் பேருந்து. பணியில் இருந்தபோது பல கிராமங்களிலிருந்து வரும் வரைபடங்களைச் சரிபார்த்திருக்கிறேன். எங்கள் அலுவலக மேசையில் வைத்து அளந்தால், கடலோரத்திலிருந்து ஒருவர் அனுப்பும் தாள்களில் மட்டும் அளவு நூலளவு குறையும். வரைந்தவரின் கவனக்குறைவு என்று ஏழு முறை குறிப்பு எழுதினேன். "இங்கு அளந்தபோது சரியாக இருந்தது" என்று ஏழு முறையும் அவர் பதில் எழுதினார். அவர் பெயர் நினைவிருக்கிறது. முகவரி தெரியாது.

செலவு: பேருந்து 54, ஆட்டோ திரும்பும்போது 80 சேர்த்து 140, தேநீர் இரண்டு 24, கிழிந்த பதினொரு கரங்களை மறுபடி வெட்ட ஜெசிந்தாவிடம் கொடுத்தது 165. மொத்தம் 383 ரூபாய்.