இறுகிய நட்டுகளும் என் சன்னக் குரலும்

துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்றுவதில் பெரிய கஷ்டம் ஒன்றுமில்லை. அதைக் கழற்றும் இம்பாக்ட் கன்னை ஒருவர் தலையில் கட்டுவதுதான் கஷ்டம். கவுன்ட்டருக்கு உள்பக்கம் நின்று கால் கடுத்தவர்கள் இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே தொடருங்கள்.

எங்கள் டூல்ஸ் கடை உக்கடத்தில். என் குரல் பிறவியிலேயே சன்னம். நான் 'வாங்க' என்றால் வாசலில் நிற்பவருக்குக் கேட்காது. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் முதலாளி பாய் கூப்பிட்டார். மாசம் முடிவதற்குள் ஒரு கன்னாவது விற்க வேண்டும், இல்லாவிட்டால் கவுன்ட்டர் கிடையாது, குடோன்தான் என்றார். குடோனில் ஜன்னல் இல்லை, ஃபேன் இல்லை. எலி உண்டு.

"அதுங்களுக்கு உன் குரல் கேட்கும் தம்பி" என்றார் பாய்.

எத்தனை ஹெச்.பி.?

துடியலூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவர் வந்தார். காருக்கு இந்த கன் போதும், டிராக்டருக்கு அந்தப் பெரியது, நட்டைக் கவ்வ முனையில் சாதா சாக்கெட் போட்டால் தெறித்துவிடும், இதற்கென்று இருக்கும் கறுப்புச் சாக்கெட்தான் போட வேண்டும் என்று எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாஞ் சரிங்க, எத்தனை ஹெச்.பி.?" என்றார். நம் ஊரில் எதையும் பம்பு மோட்டார் கணக்கில்தான் அளப்பார்கள். இதற்கு ஹெச்.பி. போடுவதில்லை, திருகும் பலத்தைத்தான் போடுவார்கள் என்றேன். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"ஹெச்.பி.யே இல்லாத மிஷினை ஊட்டுக்குக் கொண்டுபோனா எங்க அம்மணி என்னைய உள்ள உடுவாளுங்களா?"

சத்தம் பத்தாது

பஞ்சர் கடை போடப்போகிற ஒருவர், ஆலோசனைக்கு மச்சானையும் கூட்டி வந்தார். சத்தம் குறைந்த புது மாடல் ஒன்றை எடுத்து, மேஜையில் முடுக்கி வைத்திருந்த போல்ட்டைக் கண்மூடித் திறப்பதற்குள் கழற்றிக் காட்டினேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சான்தான் வாயைத் திறந்தார்.

"பஞ்சர் கடைன்னா நாலு வீதிக்குக் கேக்கோணுமுங்க. இது உங்களாட்டவே முனகுதுங்களே!"

ஓட்டிப் பார்த்தது

சென்னிமலையிலிருந்து பெட்ஷீட் வியாபாரி ஒருவர் காரோடு வந்தார். நாலு சக்கரத்திலும் நட்டு இறுகிக் கிடந்தது. "நம்ம வண்டியிலயே ஓட்டிப் பாத்துட்டு வாங்கிக்கறேனுங்க" என்றார். ஒவ்வொன்றாக இளக்கிக் கொடுத்தேன். மனிதருக்கு ஒரே குஷி. கன்னை என் கையிலிருந்து வாங்கி, அவரே திரும்பப் பூட்ட ஆரம்பித்துவிட்டார். கன்னால் லேசாகப் பிடித்தால் போதும், கடைசி இறுக்கு கை ஸ்பேனரில்தான் போட வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னேன். படபடவென்ற சத்தத்தில் அது எங்கே கேட்க? நாலு சக்கரத்தையும் ஆசை தீர இறுக்கிவிட்டு, மிஷினைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

"அருமையான மிஷினுங்க கண்ணு. மறுக்கா இறுகிப்போச்சுன்னா கண்டிப்பா வாரேனுங்க."

சும்மா இளக்கித் தருகிற தம்பி

அவர் போய் யாரிடம் சொன்னாரோ, உக்கடத்தில் ஒரு தம்பி காசு வாங்காமல் நட்டு இளக்கித் தருதாம் என்று பேச்சாகிவிட்டது. கார் வந்தது, ஆட்டோ வந்தது. ஒருவர் மொபெட்டின் பின்னால் கலப்பையைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கன் மட்டும் போகவில்லை. பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரிசையைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இது டூல்ஸ் கடையா, இலவச வைத்திய முகாமா?"

மாசக் கடைசி

கடைசி நாள். பாய் குடோன் சாவியை எடுத்து மேஜை மேலேயே வைத்துவிட்டார். அப்போது பார்த்து சென்னிமலைக்காரர் வந்து இறங்கினார், வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸோடு. அவிநாசி தாண்டி டயர் பஞ்சராம். குடும்பமே வெயிலில் நிற்க, வீல் ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்தும் ஒரு நட்டு அசையவில்லையாம். கடைசியில் ஒரு லாரிக்காரர் நீளமான குழாயை மாட்டிக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

"அன்னைக்கே சொன்னேனுங்க, கையால இறுக்கச் சொல்லி..." என்றேன்.

"சொன்னீங்களா? எனக்குக் கேக்கவே இல்லீங்களே" என்றார். கோபமே இல்லை. நேராக அலமாரிக்குப் போய் கன் பெட்டியை எடுத்து பாய் முன்னால் வைத்தார்.

"ஒரு சக்கரந்தானுங்க கழண்டிருக்குது. மிச்சம் மூணையும் கழட்டோணுமுன்னா இது ஊட்டுலயே இருந்தாத்தானுங்க ஆகும்."

அவர் கார் கிளம்பியதும் பாய் குடோன் சாவியை டிராயருக்குள் போட்டார். என் தோளைத் தட்டினார்.

"இனிமேலும் இப்படியே மெதுவாப் பேசு தம்பி. நீ சொல்றது கேட்டுச்சுன்னா ஒருத்தரும் கன் வாங்கமாட்டாங்க."

ஆனாலும் அந்தக் குடும்பம் வெயிலில் நின்றது கண்ணுக்குள்ளேயே நிற்பதால், இப்போதெல்லாம் 'இளக்க மட்டுந்தான் கன்னுங்க, இறுக்கறது கையாலதானுங்க' என்று வருகிறவர்களிடமெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறேன். எல்லோருக்கும் நன்றாகவே கேட்கிறது, குடோன் சாவியும் மறுபடி மேஜைக்கு வந்துவிட்டது.